ஃபுச்சுன் மலைச் சுருள்: இதில் அப்படி என்ன இருக்கிறது?

கோவை வாசகன்

வணக்கம் நண்பர்களே. சில மாதங்களாகச் சீன மலைநீர் ஓவியங்களை, அதாவது மலையும் நீரும் வரையும் நிலக்காட்சி ஓவியங்களை, தேடிப் பார்த்து வருகிறேன். முதலில் மனதில் உட்கார்ந்தது ஃபான் குவான் வரைந்த மலை. ஆள் உயரத்தைத் தாண்டிய பட்டு, அதன் பெரும்பகுதியை அடைத்து நிற்கும் ஒரே பாறை மலை, அடியில் பொதி விலங்குகளை ஓட்டிக்கொண்டு போகும் மிகச் சிறிய மனிதர்கள். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை, பார்த்ததும் நெஞ்சை அடைத்தது. குவோ ஷி 1072-ல் வரைந்த 'இளவேனில் தொடக்கம்' இன்னொன்று. அதில் பாறைகள் புகை மாதிரி சுருண்டு எழும்பும்.

அப்புறம், எல்லோரும் சொல்கிறார்களே என்று ஹுவாங் கோங்வாங்கின் ஃபுச்சுன் மலைச் சுருளைத் திறந்தேன். மூன்று ராத்திரி உட்கார்ந்து பார்த்துவிட்டேன். சாம்பல் நிறக் குன்றுகள், அங்கங்கே மரங்கள், நிறைய வெற்றுத் தாள். திரையில் இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டே போனால் எல்லாக் குன்றும் ஒன்றுபோலவே தெரிகிறது. வண்ணம் இல்லை, பிரமிப்பு இல்லை. ஆனால் அறுநூறு வருடங்களாக ஆட்கள் இதற்காக ஏங்கியிருக்கிறார்கள், ஏமாற்றியிருக்கிறார்கள், நெருப்பில்கூடப் போட்டிருக்கிறார்கள் என்று படிக்கிறேன். குறை சொல்ல வரவில்லை. உண்மையிலேயே புரிந்துகொள்ள ஆசை. எங்கே தவறவிடுகிறேன்?

தூரிகைநிழல்

கேட்டதற்கு நன்றி நண்பரே. எனக்கும் இந்தச் சுருள் பிடிபடக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆனது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் திசை. இடமிருந்து வலமாகப் பார்த்தேன் என்றீர்கள். கைச்சுருளை வலமிருந்து இடமாகப் பார்க்க வேண்டும். மேசைமேல் வைத்து இடது கையால் திறப்பார்கள், பார்த்து முடித்த பகுதியை வலது கை சுருட்டிக்கொண்டே வரும். ஒரு நேரத்தில் கண்ணுக்கு முன்னால் இருப்பது இரு தோள் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தாள் மட்டும். சுருள் இன்று இரண்டு துண்டாக இருக்கிறது. தைபேயில் உள்ள பெரிய துண்டு 33 செ.மீ. உயரம், 636.9 செ.மீ. நீளம். இவ்வளவையும் ஒரே பார்வையில் பார்க்கும்படி ஹுவாங் அமைக்கவில்லை. ஃபான் குவானின் மலை சுவரில் தொங்குகிறது, அறைக்குள் நுழைந்ததும் உங்களை நிறுத்திவிடும். சுருள் நீங்கள் திறந்தால்தான் நகரும். ஒரு பயணம் மாதிரி, நேரம் உங்கள் கையில் இருக்கிறது.

இன்றிரவு படத்தின் உயரம் திரையை முழுக்க நிரப்பும் அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். வலது ஓரத்தில் தொடங்குங்கள். ஒரு குன்று கிட்டே வரும், அதன் முதுகில் ஏறுவீர்கள், இறங்கினால் பைன் மரங்கள், அப்புறம் சட்டென்று தரை விலகி ஆறு அகலமாகும். நீரில் ஒரு கோடுகூட இருக்காது, தாள்தான் நீர். படகில் ஒரு மீனவர் இருப்பார், நீரோரக் குடிலில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருப்பார், இவர்களைக் கடந்துதான் போவீர்கள். கடைசியில் ஒல்லியாக ஒரு கூர்மலை நிமிரும், பிறகு எல்லாம் தணிந்து தணிந்து நீரோடு கலந்துவிடும். எல்லாக் குன்றும் ஒன்றுபோல என்றீர்கள். ஆற்றங்கரையோரமாக நடந்து போகிறவருக்குக் குன்றுகள் அப்படித்தான் தெரியும். பத்தடி நடந்தபின்தான் இது வேறு குன்று என்று உறைக்கும்.

இடமும் கற்பனை இல்லை. ஹாங்சோவுக்குத் தென்மேற்கே, ஃபுயாங், தோங்லு வழியாக ஓடும் ஆற்றுக்கு அந்தப் பகுதியில் ஃபுச்சுன் என்று பெயர். அதற்கு ஒரு பழைய வாசனை உண்டு. கிழக்கு ஹான் காலத்தில் (1-ஆம் நூற்றாண்டு) யான் ஸிலிங் என்பவர், தன் பழைய தோழன் பேரரசனாகிப் பதவி கொடுத்தபோதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இங்கே மீன் பிடித்து வாழ்ந்தார். அவர் உட்கார்ந்த மீன்பிடி மேடை என்று தோங்லுவில் இன்றும் ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். சீனாவில் படித்தவர்களுக்கு ஃபுச்சுன் என்று சொன்னாலே 'பதவியை விட்டு விலகி வந்தவர்களின் ஆறு' என்று கேட்கும்.

இப்போது வரைந்தவரைப் பற்றி. பிறந்தது 1269. பத்து வயதில் சோங் அரசு முற்றிலும் வீழ்ந்து மங்கோலியரின் யுவான் ஆட்சி நிலைத்துவிட்டது. இயற்பெயர் லு. ஹுவாங் என்ற முதியவர் தத்தெடுத்தார். தொண்ணூறு வயதுக்காரர், பையனைப் பார்த்ததும் 'ஹுவாங் பெரியவர் வெகுநாளாக மகனுக்குக் காத்திருந்தார்' என்று சொன்னாராம். அந்த வாக்கியத்தையே உடைத்து இவருக்குப் பெயரும் துணைப்பெயரும் வைத்தார்கள். ஒரு குழந்தைக்கு இதைவிட அன்பாகப் பெயர் வைக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

வளர்ந்து அரசு எழுத்தர் வேலை பார்த்தார். 1315 வாக்கில் மேலதிகாரி நிலவரி விவகாரத்தில் சிக்க, இவரும் சிறைக்குப் போனார். வெகுகாலம் நின்றுபோயிருந்த அரசுப்பணித் தேர்வு மறுபடி தொடங்கியது அதே சமயத்தில்தான். வெளியே வந்தபின் பதவியை நினைக்கவில்லை. தாவோ துறவிகளோடு சேர்ந்தார், ஜோதிடம் சொல்லிப் பிழைத்தார், தன்னைப் 'பெரும் பேதைத் துறவி' என்று அழைத்துக்கொண்டார். தீவிரமாகத் தூரிகை எடுத்ததே ஐம்பதை ஒட்டித்தான். இந்தச் சுருளைத் தொடங்கியபோது வயது எழுபத்தெட்டு.

சுருளின் முடிவில் 1350-ல் அவரே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். அதன் சாரத்தைச் சொல்கிறேன். 1347-ல் ஃபுச்சுன் மலைக்குத் திரும்பினேன், தோழர் வூயோங் கூட வந்தார். ஓய்வு நாட்களில் தெற்கு மாடத்தில் உட்கார்ந்து இதை எழுதினேன். மனம் போன போக்கில் கை போக, அறியாமலே இவ்வளவு நீண்டுவிட்டது. அவ்வப்போது நிரப்பிக்கொண்டே வந்தும் மூன்று நான்கு வருடமாக முடியவில்லை. இதை மலையில் விட்டுவிட்டு நான் ஊர் சுற்றியதுதான் காரணம். இப்போது பயணப் பையிலேயே வைத்திருக்கிறேன், நேரம் கிடைக்கும்போது தொடுவேன். யாராவது தந்திரத்தாலோ வலுவாலோ பறித்துக்கொள்வார்கள் என்று வூயோங் ரொம்பக் கவலைப்படுகிறார். அதனால்தான் முன்கூட்டியே அவர் பெயரை எழுதி வைக்கிறேன், இது உருவாக எத்தனை பாடு என்று தெரியட்டும்.

ஓவியம் முடியும் முன்பே, நண்பர் பயந்ததால் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த பயம் எவ்வளவு நியாயமானது என்று பின்னால் வந்த நூற்றாண்டுகள் காட்டின.

இன்னொன்று. குறிப்பில் 'வரைந்தேன்' என்ற பொருளில் அவர் போட்டிருப்பது 'எழுது' என்ற சொல். நம் பழந்தமிழிலும் ஓவியம் எழுதுவதுதான், இல்லையா? இந்தச் சுருளை நான் புரிந்துகொண்டது அந்தச் சொல்லிலிருந்துதான். இது ஒரு மனிதர் இன்னொருவருக்கு எழுதியது. கையெழுத்தைப் படிக்கிற கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

பினாங்குத் தமிழ்

தூரிகைநிழல் தம்பி 'எழுது' என்று பிடித்தது சரியான இடம். நான் பதினொரு வருடமாக இங்கே ஒரு சீன ஆசிரியரிடம் தூரிகை கற்கிறேன். பெரிதாக ஒன்றும் வரைந்துவிடவில்லை, ஆனால் கை எங்கே திணறும் என்று தெரியும். அதைச் சொல்கிறேன்.

எங்கள் லாவ்ஷி (ஆசிரியர்) முதல் ஆறு மாதம் மலையே தரவில்லை. எழுத்து மட்டும்தான். மைக்கட்டியைக் கல்லில் நீர்விட்டுத் தேய்க்க வேண்டும். கட்டி என்பது புகைக்கரியும் விலங்குப் பசையும் கலந்து உலர்த்தியது. அவசரமாகத் தேய்த்தால் மை கரடாகிவிடும். அந்தத் தேய்ப்பிலேயே கை அடங்கிவிடும் என்பார்.

கோவை வாசகன் சொன்ன ஃபான் குவான், குவோ ஷி இரண்டும் பட்டு. பட்டு மையை உடனே குடிக்காது, மெல்லிய கழுவல்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றலாம். ஹுவாங்கின் சுருள் தாள், ஆறு துண்டு ஒட்டியது. தாளில் தூரிகையை வைத்த அழுத்தம், வேகம், ஈரம் எல்லாம் அப்படியே பதிந்துவிடும். தயங்கினால் தயக்கம் தெரியும். அழிக்க முடியாது.

குன்றுகளின் உடம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். நீளநீளமான, லேசாக நெளிந்த கோடுகள் ஒன்றோடொன்று உரசிக் கிடக்கும். சணல் நாரைப் பிரித்துப் போட்ட மாதிரி இருப்பதால் 'சணல் நார்க் கோடு' என்றே அதற்குப் பெயர். 10-ஆம் நூற்றாண்டில் தெற்கே தோங் யுவான், ஜூரான் இருவரும் மண் குன்றுகளுக்குக் கையாண்ட முறை. வடக்கே இருப்பது கூர்ப்பாறை, தெற்கே மழையில் ஊறிய மண். ஃபான் குவானின் பாறைக்கு மழைத்துளி விழுந்த மாதிரி குத்துக்குத்தாகப் போட்டதும், இங்கே நாராக இழுத்ததும் நிலத்தைப் பொறுத்தது.

முதலில் ஈரமான வெளிர் மையில் உருவம் போட்டு, பிறகு காய்ந்த தூரிகையில் மேலே மேலே இழுத்திருக்கிறார். சில இடங்களில் முதல் கோடும் கடைசிக் கோடும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் விலகி நிற்கும். 'நிரப்பிக்கொண்டே வந்தேன்' என்று எழுதியிருக்கிறாரே, அதுதான் இது. ஒரு மலையில் மூன்று வருடம் தெரியும்.

முதல் தடவை நான் அதைப் பார்த்து ஒரே ஒரு குன்றை எழுதப் போனேன். கோடு எல்லாம் கம்பி மாதிரி வந்தது. லாவ்ஷி பார்த்துவிட்டு, 'மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறாய்' என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது முழு உண்மை.

கோவை வாசகன்

அக்கா, தூரிகைநிழல், இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வலமிருந்து பார்த்தேன். முழுதாகப் பிடிபட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த ஆறு அகலமாகிற இடத்தில் கை தானாக நின்றுவிட்டது.

ஒரு கேள்வி. அப்படியே தத்ரூபமாக வரையத் தெரிந்தும் இவர்கள் வேண்டாம் என்று விட்டார்களா? இல்லை, முறையாகப் பயிலாதவர்கள் என்பதால் அதையே ஒரு கொள்கையாக ஆக்கிக்கொண்டார்களா?

மருதம்

கோவை வாசகன் நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். இதில் எனக்கு தூரிகைநிழலோடு கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு.

கொள்கை யுவான் காலத்தில் பிறந்தது இல்லை. சூ தோங்போ (1037–1101) அதற்கு முன்பே, 'உருவ ஒற்றுமையை வைத்து ஓவியத்தை அளப்பது குழந்தைப் பார்வை' என்ற பொருளில் கவிதையே எழுதிவிட்டார். அவர் அதிகாரி, கவிஞர். அரசவையில் ஓவியக்கூடமே இருந்த காலம் அது. அங்கே இருந்தவர்கள் இறகு இறகாகப் பறவையை வரையக்கூடியவர்கள். அவர்களோடு கைத்திறனில் போட்டியிட முடியாத அறிஞர்கள், வேறொரு அளவுகோலைக் கொண்டுவந்தார்கள்: வரைந்தவனின் மனமும் படிப்பும் தூரிகையில் தெரிகிறதா? உண்மையான அளவுகோல்தான், ஆனால் அவர்களுக்கு வசதியான அளவுகோலும்கூட.

சோங் வீழ்ந்தபின் அதற்குக் கனம் கூடியது. ஜாவ் மெங்ஃபூ (1254–1322) சோங் அரச வம்சத்தில் பிறந்தவர், ஆனால் மங்கோலியரிடம் பதவி ஏற்றார். அதற்காகக் கடைசிவரை பேச்சு கேட்டார். பாறையை 'பறக்கும் வெள்ளை' எழுத்துமுறையிலும் (காய்ந்த தூரிகைக் கோட்டின் நடுவே தாளின் வெண்மை தெரியும் முறை), மரத்தைப் பழைய முத்திரை எழுத்துப்போலவும் எழுத வேண்டும், எழுத்தும் ஓவியமும் ஒன்றே என்று சொன்னவர் அவர்தான். அவர் மனைவி குவான் தாவோஷெங் மூங்கில் எழுதுவதில் பெயர் பெற்றவர். இந்தக் கதையில் பெண்கள் பெயர் அபூர்வம், அதனால் குறிப்பிடுகிறேன். ஹுவாங் தன்னை ஜாவின் வீட்டுச் சிறு மாணவன் என்று பெருமையோடு சொல்லிக்கொண்டவர்.

என் மனத்தாங்கல் இதற்குப் பின்னால் வந்ததில்தான். யுவானுக்குப் பின் வந்த மிங் ஆட்சியின் கடைசியில் ஓவியர் தோங் ச்சிசாங் (1555–1636) எல்லா ஓவியரையும் வடக்குப் பள்ளி, தெற்குப் பள்ளி என்று பிரித்தார். தெற்கு என்றால் அறிஞர், உள்ளொளி. வடக்கு என்றால் அரசவை, தொழில், வெறும் உழைப்பு. ஊருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மா யுவான், ஷியா குய் மாதிரி சோங் அரசவையின் அற்புதமான கலைஞர்களை அந்த ஒரு வரியில் கீழே தள்ளிவிட்டார். மிங் கால ஓவியர் தாய் ஜின்னின் வழியில் வந்த தொழில்முறை ஓவியர்கள் கொச்சை என்று பெயர் வாங்கினார்கள். பிழைப்புக்காக வரைகிறவன் கை சுத்தமில்லை என்கிற எண்ணம், நிலமும் குத்தகையும் உள்ளவர்களுக்கே கட்டுப்படியாகும். அதே தோங்கின் குடும்பம் ஊரில் செய்த கொடுமை தாங்காமல் 1616-ல் மக்கள் திரண்டு அவர் மாளிகையைக் கொளுத்தினார்கள். தூரிகையில் மனிதனின் குணம் தெரியும் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? அவர் ஓவியமும் எழுத்தும் நிஜமாகவே உயர்ந்தவை. அதனால்தான் கேட்கிறேன்.

தூரிகைநிழல்

மருதம், தோங்கின் பிரிவினை பற்றி நீங்கள் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். அது வரலாறு எழுதிய விதம், ஓவியம் பார்க்கும் விதம் இல்லை. தூரிகையில் நல்லவன் கெட்டவன் தெரியும் என்றும் நான் நம்பவில்லை. கவனம் தெரியும், அவசரம் தெரியும், யாருக்காக எழுதினான் என்பது சில சமயம் தெரியும். அதற்குமேல் கேட்கக்கூடாது.

ஆனால் 'வசதியான அளவுகோல்' என்பதில் ஹுவாங்கைச் சேர்க்க மனம் வரவில்லை. சிறைக்குப் போய்வந்து ஜோதிடம் சொல்லிப் பிழைத்தவர். அவர் தன் மாணவர்களுக்கு எழுதிவைத்த சிறு குறிப்புகளில், தோல் பையில் எப்போதும் ஒரு தூரிகை வைத்துக்கொள், நல்ல இடத்தில் விசித்திரமான மரத்தைப் பார்த்தால் அங்கேயே எழுதிக்கொள் என்கிறார். மரத்தை நேரில் பார்க்காமல் மனதுக்குள்ளிருந்தே வந்துவிடும் என்று சொல்லும் ஆள் இல்லை அவர். கோவை வாசகன் கேள்விக்கும் இதுதான் என் பதில்: பார்க்கத் தெரிந்தவர்கள், பார்த்ததை அப்படியே வைக்க விரும்பாதவர்கள்.

பணம் பற்றியும் ஒன்று. விற்கவில்லை என்றால் கைமாறவில்லை என்று அர்த்தமில்லை. ஹுவாங்கின் காலத்து இன்னொரு ஓவியர் நீ ட்சான் 1372-ல் ஓர் ஓவியம் எழுதி நண்பர் ஒருவருக்குக் கொடுத்தார். கீழே நாலைந்து மரம், ஆளில்லாத ஒரு குடில், நடுவே வெற்று நீர், மேலே தூரத்து மலை. இரண்டு வருடம் கழித்து அந்த நண்பரே ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, இதை ஒரு வைத்தியருக்குக் கொடுக்கப் போகிறேன், அவர் பெயரும் போட்டு எழுதித் தா என்று கேட்டார். நீ ட்சான் எழுதிக் கொடுத்தார். வைத்தியருடைய அறையின் பெயர் 'ரோங்ஷி'. முழங்கால் மடக்கி உட்கார இடமிருந்தால் போதும் என்று அர்த்தம். ஓவியத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இது வைத்தியத்துக்குக் கட்டணமா, நன்றியா, நட்பா? மூன்றையும் பிரிக்க முடியாது என்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. வூயோங்குக்கு எழுதிய சுருளும் அதே உலகம்தான்.

அந்த உலகம் சாதுவானதும் இல்லை. இன்னொரு யுவான் பெருங்கலைஞர் வாங் மெங், ஒரு மந்திரி வீட்டுக்கு ஓவியம் பார்க்கப் போனார். பிற்பாடு அந்த மந்திரி மேல் ராஜதுரோகக் குற்றம் விழுந்தது. வாங் மெங் 1385-ல் சிறையிலேயே இறந்தார்.

சிஞ்சு ஆய்வாளன்

இழையை இன்றுதான் பார்த்தேன். ஆராய்ச்சிக்காகச் சில வருடம் தைவானில் சிஞ்சுவில் இருந்தவன் நான். ஆய்வகம் வேதியியல், ஓவியத்துக்கும் எனக்கும் தொடர்பில்லை. 2011 ஜூனில் ஊரே இந்தச் சுருளைப் பற்றிப் பேசியது. ஹாங்சோவில் இருக்கும் சிறு துண்டு தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்துக்கு வந்து, பெரிய துண்டோடு ஒரே இடத்தில் வைக்கப்பட்டது. ஆய்வகத் தோழர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனார்.

நெருப்புக் கதையைக் கோவை வாசகன் தொட்டுவிட்டு விட்டுவிட்டார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோங் ச்சிசாங் கையிலிருந்து சுருள் யிஷிங் ஊரைச் சேர்ந்த வூ குடும்பத்துக்குப் போனது. மகன் வூ ஹோங்யூ அதன்மேல் உயிரையே வைத்திருந்தார். மிங் அரசு சாய்ந்து ஊர் கலைந்தபோது வீட்டிலிருந்த மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, வெறுங்காலோடு இதைத் தூக்கிக்கொண்டு ஓடியவர். 1650-ல் சாகக் கிடந்தபோது, கூடவே அனுப்புங்கள் என்று எரிக்கச் சொன்னார். முந்தின நாள் துறவி ஜியோங் எழுதிய ஆயிரம் எழுத்துச் சுவடியை எரித்தார்கள். அது போனது போனதுதான். மறுநாள் இது. தீ பற்றிக்கொண்டது. அவர் படுக்கைக்குத் திரும்பியதும், உடன்பிறந்தான் மகன் நெருப்பிலிருந்து இதைப் பறித்து எடுத்து, அதற்குப் பதில் வேறொரு சுருளைப் போட்டார்.

சுருட்டிய நிலையில் தீப்பிடித்ததால் ஒரு பொத்தல் பல பொத்தலாகிவிட்டது. விரித்துப் பார்த்தால் ஒரே மாதிரிக் கருகல் இடைவெளி விட்டு விட்டுத் திரும்பத் திரும்ப வரும், முதலில் பெரிதாக, போகப்போகச் சிறிதாக. அதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்திருக்கிறார்கள். தொடக்கப் பகுதி எரிந்து, சுருள் இரண்டாகப் பிரிந்தது. 51.4 செ.மீ. நீளத்தில் ஒரு முழுக் குன்றோடு பிழைத்த துண்டுக்கு 'எஞ்சிய மலை' என்று பெயர் வைத்தார்கள். பெரிய துண்டுக்கு வூயோங்கின் பெயரே இருக்கிறது.

சிறியது கை மாறி மாறி, 1938-ல் ஷாங்காய் ஓவியர் வூ ஹூஃபான் தன்னிடமிருந்த பழைய வெண்கலப் பாத்திரம் ஒன்றைக் கொடுத்து வாங்கினார். 1956-ல் அது செஜியாங் மாகாண அருங்காட்சியகத்துக்குப் போனது. பெரியது அரண்மனைக்குள் போய், 1933-ல் ஜப்பானியப் படைக்குப் பயந்து மற்ற பொக்கிஷங்களோடு பெய்ஜிங்கை விட்டுக் கிளம்பி, உள்நாட்டுப் போரின் முடிவில் தைவானுக்கு வந்துசேர்ந்தது.

அன்று வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது, ஓர் இடத்தில் நிற்கவிடவில்லை. பக்கத்தில் ஒரு வயதான அம்மா. சீன மொழி எனக்கு அரைகுறை. அவர் எஞ்சிய மலையைக் காட்டி, பிறகு பெரிய துண்டைக் காட்டி, தன் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் காட்டினார். கண் கலங்கியிருந்தது. அந்தத் தலைமுறையில் ஜலசந்திக்கு அந்தப்பக்கம் அம்மா அப்பாவை விட்டுவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர். நான் ஒன்றும் கேட்கவில்லை.

கோவை வாசகன்

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் தட்டச்சு செய்ய முடியவில்லை ஆய்வாளரே.

இன்னொன்று கேட்கிறேன். தைபே பிரதியைப் பார்க்கும்போது வேறொரு சுருளும் வருகிறது, அதே மலைகள், ஆனால் வானமெல்லாம் எழுத்தும் சிவப்பு முத்திரையும். பார்க்கவே வயிறு எரிகிறது. அடுத்தவர் ஓவியத்தில் இப்படிக் கிறுக்க யார் உரிமை கொடுத்தது?

மருதம்

அது 'ஸிமிங் சுருள்'. பின்னாளில் யாரோ எடுத்த நகல். 1745-ல் சிங் வம்சத்துச் சியான்லோங் பேரரசர் கைக்கு வந்தது. மூலம் என்றே நம்பி மகிழ்ந்துபோனார். அடுத்த வருடம் உண்மையான வூயோங் சுருளும் வந்தது. ஆனால் அவர் அந்த வூயோங் சுருள்தான் போலி என்று தீர்மானித்தார். ஆனாலும் எழுத்து நன்றாக இருக்கிறதே என்று வாங்கி வைத்துக்கொண்டு, போலி என்ற தன் தீர்ப்பை ஓர் அமைச்சரை விட்டு அதன்மேலேயே எழுதவைத்தார். அப்புறம் பல வருடங்கள், எங்கே போனாலும் நகலைத் திறந்து திறந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகள் எழுதினார். மூலம் ஓரமாகக் கிடந்தது. அதனால்தான் அதன் வானம் இன்றும் வெறுமையாக இருக்கிறது. சொந்தக் கண்ணால் பார்த்து ஒருவர் செய்த தவறு, அந்த ஓவியத்தைக் காப்பாற்றியது.

கிறுக்கல் என்று எல்லாவற்றையும் தள்ள வேண்டாம் நண்பரே. சுருளின் கடைசியில் தனித் தாள் ஒட்டுவது பார்த்தவர்கள் எழுதுவதற்காகத்தான். முத்திரைகளை வரிசையாகப் படித்தால் யார் கையிலிருந்து யாரிடம் போனது என்று தெரியும். எல்லை தாண்டினால்தான் தொல்லை.

எனக்கு இந்தச் சுருளின் கதையில் மிகவும் பிடித்த குறிப்பு மிங் கால ஓவியர் ஷென் ஜோ (1427–1509) எழுதியது. சுருள் ஒரு காலத்தில் அவரிடம் இருந்தது. ஒருவரிடம் குறிப்பு எழுதக் கொடுத்தார், அந்த வீட்டு மகன் ரகசியமாக விற்றுவிட்டான். பின்னொரு நாள் அதே சுருள் விலைக்கு வந்ததைப் பார்த்தார், வாங்கப் பணமில்லை. வீட்டுக்கு வந்து 1487-ல் நினைவிலிருந்தே முழுச் சுருளையும் எழுதினார், லேசான வண்ணம் சேர்த்து. அது இப்போது பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஃபான் ஷுன்ஜூ என்ற அதிகாரிக்கு அதைக் கொடுத்தார். அந்த மனிதர் நகலோடு திருப்திப்படாமல் மூலத்தைத் தேடி வாங்கி, நேராக ஷென் ஜோவிடமே கொண்டுவந்து நாலு வரி எழுதச் சொன்னார். தான் இழந்ததை இன்னொருவர் வீட்டுப் பொருளாகக் கையில் வாங்கி, ஷென் ஜோ எழுதிக் கொடுத்தார்.

அறிஞர் ஓவியத்தின்மேல் எனக்கு எத்தனை வாதம் இருந்தாலும், நினைவிலிருந்து எழுதிய அந்த நகல் முன்னால் வாதம் நின்றுவிடுகிறது. தீயில் போன தொடக்கப் பகுதி எப்படி இருந்திருக்கும் என்று அறிய இன்று நமக்கு இருக்கும் துணைகளில் அதுவும் ஒன்று.

பினாங்குத் தமிழ்

ஷென் ஜோவின் நகலைப் பார்த்து எங்கள் வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு. மூலத்தைப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும், மூடிவைக்க வேண்டும், அப்புறம் எழுத வேண்டும். இந்த இழையைப் படித்த சூட்டில் நேற்று அதைச் செய்தேன். கடைசிப் பகுதியை எடுத்துக்கொண்டேன், கூர்மலைக்கு அப்புறம் குன்றுகள் தணிந்து போகிற இடம்.

மலை வந்தது. நாலு மரம் வந்தது. நீர் தொடங்கும் இடத்தில் மாட்டிக்கொண்டேன். அங்கே ஹுவாங் எதுவும் எழுதவில்லை, கரையின் கடைசிக் கோடு காய்ந்து காய்ந்து தாளுக்குள் போய்விடுகிறது. என் கோடு ஒவ்வொரு தடவையும் முனையில் குமிழாக நின்றது. எட்டுத் தாள் போயிற்று. தூரிகையில் ஈரம் அதிகம் என்று நினைத்தேன், லாவ்ஷிக்குப் படம் அனுப்பினேன். ஈரம் சரி, தூரிகையைத் தூக்கும்போது கை நிற்கிறது, நிற்காமல் போ என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்காருகிறேன். கோவை வாசகன், உங்களுக்கு ஒரு சின்னத் தூரிகையும் மைக்கட்டியும் அனுப்பட்டுமா? தனிச் செய்தியில் சொல்லுங்கள் தம்பி.